எல்லாம் தெரியும், ஆனால் கை போகாது

திங்கட்கிழமை காலை இட்லி வேண்டுமென்றால் ஞாயிறு மதியமே அரிசியையும் உளுந்தையும் ஊறப்போட வேண்டும். நாலு மணி நேரம் ஊற வேண்டும். சாயங்காலம் முதலில் உளுந்து. தண்ணீர் தெளித்துத் தெளித்து அரை மணி நேரம் பொங்கப் பொங்க அரைத்து வழித்துக்கொண்டு, அப்புறம் அரிசி. உப்புப் போட்டுக் கையால் கரைத்து மூடிவைத்தால் ராத்திரி முழுக்கப் புளிக்கும். இதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. பாவாடை சட்டை போட்டிருந்த வயதிலேயே அம்மாவுக்கு மாவு தள்ளிக் கொடுத்தவள் நான். என் மாவில் இட்லி பூப்போல வரும் என்று மாமியாரே நாலு பேரிடம் சொல்வார். ஆனாலும் ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடித்த பிறகு, அரிசி டப்பா நாலடி தூரத்தில் இருக்கும், ஊறப்போட வேண்டும் என்ற நினைப்பும் இருக்கும், என்னால் எழுந்து போக முடியாது. அலுப்பு கிடையாது. மனசில்லாமலும் இல்லை. எழுந்திரு, எழுந்திரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கையிலேயே மணி மூன்றாகி, ஐந்தாகி, விளக்கு வைக்கும் நேரமும் வந்துவிடும்.

எனக்கு 44 வயது. திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். எனக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக் குறைபாடும் மிகைச் செயல்பாடும் சார்ந்த மூளை வளர்ச்சிக் கோளாறு, இருக்கிறது என்று டாக்டர் உறுதிசெய்தது நாற்பதைத் தாண்டிய பிறகுதான். அதுவரை எனக்கு இருந்த பெயர்களை இங்கே வரிசையாகச் சொல்ல வேண்டாம். தமிழ் வீட்டில் வளர்ந்த யாருக்கும் அவை தெரியும்.

லேபில் நான் வேறு ஆள். காலை ஆறரைக்கே ஃபாஸ்டிங் சுகர் கொடுக்க வந்தவர்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருப்பார்கள். ஊதா மூடி டியூப் ரத்த அணுக்களை எண்ணும் சிபிசிக்கு, சாம்பல் மூடி சுகருக்கு, நீல மூடி ரத்தம் உறையும் நேரம் பார்க்க. நீல மூடியில் கோடு வரைக்கும் ரத்தம் நிறைய வேண்டும், குறைந்தால் ரிசல்ட்டே மாறிவிடும். சிவப்பணுக்கள் படியும் வேகத்தைப் பார்க்கிற இஎஸ்ஆர் குழாயை நிறுத்திவைத்தால் சரியாக ஒரு மணி நேரத்தில் படிக்க வேண்டும். டிபன் சாப்பிட்டுவிட்டு வருகிறவருக்கு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ஊசி. ஒருவரின் ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவில், 6.5 என்று வந்தால் ரிப்போர்ட் பிரிண்ட் ஆகும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே வார்டுக்கு ஃபோன் போட வேண்டும். இத்தனையும் ஒரே நேரத்தில் ஓடும், என் கையில் எதுவும் தேங்காது. புதிதாகச் சேரும் பெண்களை "அக்காகிட்ட நின்னு பழகிக்கோங்க" என்று என்னிடம்தான் அனுப்புகிறார்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு இது புரியாத விஷயமாகவே இருந்தது. "வேலைக்குன்னா மட்டும் எப்படி நடக்குது?" என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்காது. அந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் அரித்திருக்கிறது. நானே என்னிடம் கேட்டுக்கொண்டது அதுதான். அங்கே முடிகிறது, இங்கே முடியவில்லை. அப்படியானால் இங்கே எனக்கு அக்கறை இல்லையா? இவர்கள் மேல் பாசம் இல்லையா?

இன்று அதற்குப் பதில் சொல்ல முடியும். லேபில் எதையும் நானாக ஆரம்பிக்க வேண்டியதில்லை. ரத்தம் கொடுக்க வந்தவர் எதிரே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எந்த டியூப் என்பதை மூடியின் நிறம் சொல்லும். டைமர் அடிக்கும். செய்யாத டெஸ்டுக்கு நேராக ரெஜிஸ்டரில் கட்டம் காலியாக இருக்கும். ஐந்து நிமிஷம் தாமதமானால் வார்டிலிருந்து சிஸ்டர் கூப்பிடுவார். அடுத்து என்ன, எப்போது, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் என் தலைக்கு வெளியே, கண்ணில் படுகிற இடத்தில் இருக்கிறது. வீட்டில் அரிசி கூப்பிடாது. உளுந்து மணியடிக்காது.

டாக்டர் இதை எக்ஸிக்யூட்டிவ் ஃபங்ஷனில், அதாவது மூளை நம் செயல்களை நடத்துகிற திறனில், இருக்கிற சிக்கல் என்றார். வேலையைத் தொடங்குவது, தொடங்கியதை மனதில் பிடித்துவைத்திருப்பது, நடுவே வருகிற வேறொன்றின் மேல் பாயாமல் நிற்பது, ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது, நேரத்தைக் கணிப்பது. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப்பகுதிக்கும் அதோடு சேர்ந்து இயங்கும் மற்றப் பகுதிகளுக்கும் இதில் பெரிய பங்கு. ஏடிஎச்டி என்ற பெயரைக் கேட்டால் ஓடி ஆடுகிற பிள்ளைதான் நம் கண்ணுக்கு வரும். அந்த ஓட்டம் வயது ஏற ஏறப் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது, இந்தத் தொடங்க முடியாமை பலருக்குக் கடைசிவரை தங்கிவிடுகிறது. ரஸ்ஸல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர், இது என்ன செய்ய வேண்டும் என்று தெரியாத கோளாறு இல்லை, தெரிந்ததைச் செய்ய முடியாத கோளாறு என்று பல வருடமாகச் சொல்லி வருகிறார். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. எனக்கு எல்லோரும் சொன்னதெல்லாம் புத்திமதிதான். புத்திமதி என்பது தெரியாதவருக்குச் சொல்வது.

நான் டாக்டரிடம் போனது மனச்சோர்வு என்று நினைத்துத்தான். அவர் முதலில் எழுதிக் கொடுத்தது ரத்தப் பரிசோதனை: தைராய்டு, ஹீமோகுளோபின், பி12. தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் கவனம் மங்கும், அதைப் பார்க்காமல் வேறு முடிவுக்கு வரக் கூடாது என்றார். எல்லாம் நார்மல். தூக்கத்தைப் பற்றியும் நிறைய விசாரித்தார். அடுத்த முறை ஏடிஎச்டிக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 18 கேள்விப் படிவத்தை நிரப்பச் சொல்லிவிட்டு, சின்ன வயதில் என்னைப் பார்த்தவர் யாரையாவது கூட்டி வரச் சொன்னார். 12 வயதுக்கு முன்பே அடையாளங்கள் இருந்தாக வேண்டுமாம். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்கிற அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் அப்படி இருக்கிறது. அதற்கு முந்தையதில் ஏழு வயது. பதினேழு வயது நிரம்பியவர்களுக்கு ஆறு அறிகுறிக்குப் பதில் ஐந்து போதும் என்று சேர்த்ததும் அதில்தான். என்னைப் போல வயதான பிறகு கண்டுபிடிக்கப்படுகிறவர்களுக்கு இந்த இரண்டு மாற்றமும் பெரிய விஷயம்.

அம்மா வந்தார். டிரங்குப் பெட்டியிலிருந்து என் பழைய பிராகிரஸ் கார்டுகளை மஞ்சப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். "புத்திசாலி, கவனம் போதாது" என்று வேறு வேறு டீச்சர் கையெழுத்தில் ஒரே வாசகம். "சின்னதுலேர்ந்தே அப்படித்தான் டாக்டர். மளிகைக் கடைக்கு அனுப்பினா வழியில எதையாவது பார்த்துக்கிட்டு நின்னுடும். ஆனா சூட்டிகை. நான் பின்னாடியே நின்னு குளி, சாப்பிடு, பையை எடுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா எல்லாத்தையும் செஞ்சுடும்" என்றார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்து, "அத்தனை வருஷமும் நீங்கதாம்மா அவங்களுக்கு மருந்து" என்றார்.

கல்யாணம் ஆனதும் அந்தக் குரல் நின்றுபோனது. கூடவே, மற்றவர்களுக்கு அந்தக் குரலாக நான் இருக்க வேண்டியிருந்தது. நம் வீடுகளில் பெண் என்றால் அவள்தான் குடும்பத்தின் ஞாபகம். பால் கணக்கு, மாமனாரின் பிரஷர் மாத்திரை, இரண்டாவது சிலிண்டரை மாட்டிய கையோடு அடுத்ததை புக் செய்வது, பையனின் ஃபீஸ், சங்கடஹர சதுர்த்தி எப்போது, யார் வீட்டு விசேஷத்துக்கு நமக்கு எவ்வளவு மொய் வந்தது, திருப்பி எவ்வளவு செய்ய வேண்டும். வீட்டில் அம்மாவோ மனைவியோ நினைவூட்டிக்கொண்டே இருக்கிற ஆணுக்கு இந்தக் கோளாறு இருந்தாலும் பாதி வெளியே தெரியாது. பெண்ணுக்கு அது மறைய இடமே இல்லை. தெரிந்தாலும் நோய் என்று தோன்றாது, குணம் என்றுதான் தோன்றும். பள்ளியிலும் அப்படித்தான். பெஞ்சு மேல் ஏறுகிற பையனை டாக்டரிடம் கூட்டிப் போவார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருக்கிற பெண்ணை யாரும் கூட்டிப் போவதில்லை.

மாதா மாதம் வருகிறதை எப்படியாவது சம்பள நாளோடு சேர்த்துக் கட்டிவிடலாம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிற மின்கட்டணம்தான் என்னை அலைக்கழித்தது. ரீடிங் எடுத்த நாளிலிருந்து இருபது நாள். கையில் காசும் இருக்கும், கட்ட வேண்டும் என்றும் தெரியும், மீட்டர் கார்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். இருபது நாள் என்றால் மற்றவர்களுக்கு இருபது நாள். எனக்கு அது "இன்னும் நேரம் இருக்கிறது", அப்புறம் "ஐயோ, முடிந்துவிட்டது". இரண்டுக்கும் நடுவில் எதுவும் இருக்காது.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஏடிஎச்டியில் மரபின் பங்கு சுமார் 74 சதவீதம் என்று இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். டாக்டர் இதைச் சொன்ன அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு அப்பாவின் சைக்கிள் கடை ஞாபகம்தான். எதைப் பிரித்தாலும் அரைமணியில் கோளாறைக் கண்டுபிடித்துவிடுவார். சுவரோரம் பிரித்துப் போட்ட சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். பாதி முடிந்த வேலையைப் போட்டுவிட்டுப் புதிதாக வந்ததைக் கையில் எடுப்பார். கஸ்டமர் வந்து கத்தின பிறகு ராத்திரியெல்லாம் உட்கார்ந்து முடிப்பார். ஊரில் அவருக்குக் கைராசிக்காரர் என்றும் பெயர், சொன்ன நேரத்துக்குத் தராதவர் என்றும் பெயர். கடைசிவரை தன்னைப் பற்றி அவர் நல்லவிதமாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவர் இருந்தபோது இதைச் சொல்ல யாரும் இல்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. இதைப் போன்ற ஒரு நிலையை அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1798-லேயே எழுதிவைத்திருக்கிறார். அது எங்கள் தெருவுக்கு வந்து சேர இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

சரி, வீட்டில் இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், லேபை அடுப்படிக்குக் கொண்டுவந்தேன்.

டைரி, போன் அலாரம் எல்லாம் எனக்கு உதவவில்லை. காரணம் யோசித்துப் பார்த்தால் எளிது. போன் என் கையில் அடிக்கிறது, வேலை வேறு இடத்தில் இருக்கிறது. விரல் அலாரத்தை நிறுத்திவிடும், நிறுத்தியதே வேலையை முடித்த மாதிரி மனசு அடங்கிவிடும். இப்போது லேபில் வைத்திருப்பது போன்ற காந்த டைமர் ஒன்று கிரைண்டர் பக்கத்துச் சுவரில், இரும்பு ஸ்டாண்டில் ஒட்டியிருக்கிறது. அது அடித்தால் நிறுத்துவதற்கே அங்கே போயாக வேண்டும். போய் நின்றால் ஊறிய உளுந்து கண்முன்னால் இருக்கும். அங்கே போய்விட்டால் எனக்குச் சிரமமே இல்லை, கை தானாக ஓடும்.

ஊறப்போடுவதற்கு வேறு வழி. ஞாயிறு மதியச் சமையலுக்கு எப்படியும் பதினொன்றரைக்குச் சாப்பாட்டு அரிசி களைவேன். இட்லி அரிசி, உளுந்து டப்பா இரண்டையும் அந்தச் சாப்பாட்டு அரிசி டப்பாவுக்கு முன்னால் வைத்துவிட்டேன். அவற்றை நகர்த்தாமல் சாப்பாட்டு அரிசியை எடுக்க முடியாது. அதே குழாயடி, அதே ஈரக் கை, அதே கையோடு இதையும் களைந்து ஊறப்போட்டுவிடுவேன். தனியாக ஆரம்பிக்க வேண்டிய வேலை ஒன்று குறைந்தது. பீட்டர் கோல்விட்சர் என்ற ஆய்வாளர் 1999-இல் எழுதிய கட்டுரை இதைத்தான் சொல்கிறது: "இதைச் செய்யப் போகிறேன்" என்று தீர்மானிப்பதைவிட, "இது நடக்கும்போது இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தால் செயல் நடக்கிற வாய்ப்பு அதிகம். தயிருக்கும் அப்படித்தான். ராத்திரி காய்ச்சின பால் பாத்திரத்தை மூடிய தட்டின் மேலேயே உறைமோர்க் கிண்ணம் உட்கார்ந்திருக்கும். பால் வெதுவெதுப்பானதா என்று பார்க்கத் தட்டைத் தூக்கினால் கிண்ணம் கையில் வந்துவிடும்.

மொய் நோட்டையும் மின்கட்டணத்தையும் கணவர் எடுத்துக்கொண்டார். இதை எளிதாகச் சொல்லிவிட்டேன், நடந்தது எளிதாக இல்லை. வீட்டுக் கணக்கைப் பெண் விட்டுக்கொடுத்தால் அவளுக்கு ஏதோ குறை என்று சொந்தத்தில் பேச்சு வரும். வந்தது. அவர் ஒரு நாள் நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "நீ சொல்லும்மா, நான் எழுதறேன். யாரு எழுதினா என்ன, மொய் மொய்தானே" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி எங்களுக்குள் சண்டை வரவில்லை. பதிலுக்கு, ஆஸ்பத்திரி சம்பந்தமான அத்தனை வேலையும் என்னுடையது. யாருக்கு உடம்புக்கு என்றாலும் நான்தான் ஓடுவேன். அவசரத்தில் என் தலை தெளிவாக வேலை செய்யும்.

மாத்திரையும் எடுத்துக்கொள்கிறேன். இதைச் சொல்லத் தயங்குகிறவர்கள் நிறைய, நான் தயங்கப் போவதில்லை. எனக்குக் கொடுத்தது அடமாக்ஸடின். வேலை செய்யச் சில வாரங்கள் பிடித்தது. ஆரம்பத்தில் குமட்டல் இருந்தது, சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டால் குறைந்தது. நாடித்துடிப்பும் பிபியும் அவ்வப்போது பார்க்க வேண்டும். இன்னொரு மருந்து மெத்தில்ஃபெனிடேட். 1944-இல் கண்டுபிடிக்கப்பட்டு உலகம் முழுக்கப் புழங்குவது. நம் நாட்டில் அது கட்டுப்பாட்டில் உள்ள மருந்து என்பதால் மருத்துவரின் சீட்டு இல்லாமல் கிடைக்காது, எல்லா மருந்துக் கடையிலும் இருக்காது. யாருக்கு எது என்பது டாக்டர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. மாத்திரை எனக்கு மாவு அரைத்துத் தரவில்லை. நினைப்புக்கும் எழுந்திருப்பதற்கும் நடுவில் இருந்த தூரத்தைக் கொஞ்சம் குறைத்தது, அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்துக்காக நான் நன்றியோடு இருக்கிறேன்.

இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. ஆட்டிசம் இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏடிஎச்டி தனியாக இல்லை. அதனால் வேலை பார்க்கும் இடத்தில் எதையாவது கேட்டால் அது உரிமையாகாது, கெஞ்சலாகிவிடுகிறது. நான் கேட்டது ஒன்றே ஒன்று: ஷிஃப்ட் மாறும்போது வாயால் சொல்வதை ஒரு வெள்ளைப் பலகையில் எழுதிவிடுங்கள். எழுதுகிறார்கள். அது இப்போது எல்லோருக்கும் உதவுகிறது. நல்ல மேலாளர் அமைந்ததால் நடந்தது. அமையாதவர்கள் என்ன செய்வார்கள்? இது மாற வேண்டும்.

இன்னும் சரிவராதவையும் இருக்கின்றன. அதில் என்னை ரொம்ப வருத்துவது துக்கம் விசாரிக்கப் போவது. யாராவது தவறிவிட்டால் அன்றைக்கே போய்விட்டால் சரி. ஷிஃப்ட் இருந்து போக முடியாமல் போனால், நாளைக்குப் போகலாம் என்று இருப்பேன். காரியம் முடிவதற்குள் போகலாம் என்று இருப்பேன். பதினாறும் முடிந்துவிடும். அதற்கப்புறம் போனால் "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா" என்று கேட்பார்களோ என்ற கூச்சம் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு நாளும் அந்தக் கூச்சம் கொஞ்சம் வளரும், வளர வளரப் போவது இன்னும் கடினமாகும். தெருவில் அவர்களைப் பார்த்தால் வேறு சந்தில் திரும்பத் தோன்றும். இறந்தவர் மேல் எனக்கு இருந்த பாசம் அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியாமலே போகிறது. டைமர் வைத்து இதைச் சரிசெய்ய முடியாது.

ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன். கூட ஒருவர் இருந்தால் போய்விடுவேன். அவர் பேச வேண்டியதில்லை, எனக்காக எதுவும் செய்ய வேண்டியதில்லை, பக்கத்தில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றால் போதும். உறையூரில் என் நாத்தனார் இருக்கிறார். எனக்கு இப்படி ஒன்று இருக்கிறது என்று அவரிடம் முழுதாகச் சொல்லியிருக்கிறேன். "இவ்வளவுதானே அண்ணி, போகணும்னா எனக்கு ஒரு போன் போடுங்க, நான் வந்து நிக்கிறேன்" என்றார். எங்களுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்த டீச்சர் போன மாதம் தவறிவிட்டார். அவர் மகள் தில்லைநகரில் இருக்கிறார். நேற்று நாத்தனாருக்குப் போன் செய்தேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறேன் என்றார்.